டிரைவர் சீட்டின் சரித்திரம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது. போன துர்கா பூஜை சமயத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். பன்னிரண்டு வயசான செடான். வங்கிக்காரன் புத்தி, எஞ்சினைப் பார்த்தேன், இன்ஷூரன்ஸ் பார்த்தேன், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பழைய கடன் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. "ஃபுல் லெதர் ஸார்" என்று தரகர் சொன்னதும் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் தோல் சீட் வைத்த வண்டியில் உட்காரப் போகும் முதல் ஆள் நான்தான் என்கிற பெருமை.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின் சீட் புத்தம் புதிதாக இருக்கிறது. முன்னால் இடப்பக்க சீட்டும் பரவாயில்லை. டிரைவர் சீட்டில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் ஓரத்தில் மட்டும், வறண்ட ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. இரண்டு இடத்தில் நிறமே போய் அடியில் சாம்பல் நிறத்தில் நார் தெரிந்தது.

மல்லிக் பஜாரில் விசாரித்தேன். பழைய கார் சாமான்களுக்குக் கொல்கத்தாவில் அதுதான் காசி. "பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு தைத்துவிடலாம் தாதா, ஒரிஜினல் லெதர்" என்று இருபத்தெட்டாயிரம் கேட்டார் ஒருவர். சாம்பிளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பனியன் துணி. தோலாக இருந்தால் அடியில் நார் நாராக, வெல்வெட் மாதிரி இருக்க வேண்டும். இது ரெக்ஸின். நான் தோல் கண்ட ஊர்க்காரன் ஐயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆமாம், நான் பாலாற்றங்கரை. இப்போதைய திருப்பத்தூர் மாவட்டம், அப்போது வேலூர். ரயில் எங்கள் ஊரை நெருங்கும்போது ஜன்னலோரப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டிலேயே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "தேங்காண்ணெய் தடவுடா, செருப்பு கடிச்சா அதைத்தானே தடவுவோம்" என்றார். தடவினேன். இரண்டு நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் வெள்ளை வேட்டியோடு காரில் ஏறியவர் என் சகலை. மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை. :-)

இந்த இடத்தில் ஒரு பெரியவரை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். வயசு எழுபத்தெட்டு. டேங்ராவில் பிறந்து வளர்ந்த ஹக்கா சீனர். வருஷா வருஷம் ஏப்ரலில் 15ஹெச் படிவம் கொடுக்க வருவார், டெபாசிட் புதுப்பிக்க வருவார். முப்பத்தைந்து வருஷம் சொந்தமாக டேனரி நடத்தியவர். வெள்ளைக்கார வாடை வீசும் இந்த ஊரில் எல்லாரையும்போல நானும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவரை வாசல்வரை வழியனுப்பப் போனபோது காரைக் காட்டினேன். குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் வெடிப்பு ஓரத்தை லேசாகச் சுரண்டினார். ஒரு செதில் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி இந்தியில் சொன்னார்: "மேனேஜர் சாப், இது தோல் இல்லை. பெயின்ட். நீங்கள் எண்ணெய் பூசியது பெயின்ட்டுக்கு."

சுவரில் எண்ணெய் தேய்த்திருக்கிறேன்! அன்று ராத்திரி தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. பி.காம். படித்தவனுக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் சொன்னதும், நான் தேடிப் படித்ததும் சேர்ந்து ஒரு கதையாகிவிட்டது.

*

முதலில் எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். கார் பிறந்த காலத்தில் தோல் சீட் முதலாளிக்கானது அல்ல. டிரைவருக்கானது.

கார்களுக்கு முன்னால் குதிரை வண்டி. அதில் தோலின் வேலை அலங்காரமல்ல, மழையையும் சேற்றையும் தாங்குவது. இன்றைக்கு ஸ்பீடாமீட்டர் இருக்கும் இடத்தை டாஷ்போர்டு என்கிறோமே, அது குதிரையின் குளம்பு வாரி இறைக்கும் சேறு வண்டிக்காரன் மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் வைத்த மரப்பலகை அல்லது தோல் தடுப்பு. மடக்குக் கூரை தோல், வண்டிக்காரன் உட்காரும் பெட்டி மேல் தோல். வண்டி கட்டுகிற கம்பெனிகளே பிறகு கார் பாடி கட்டின. கொல்கத்தாவின் ஸ்டூவர்ட் கம்பெனி 1775-லிருந்து வண்டி கட்டியது, பிறகு ரோல்ஸ்ராய்ஸ் சேஸிஸ் மேல் பாடி கட்டியது. நம் மவுன்ட் ரோடு சிம்சன் 1840. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் காரே செய்தார். ஆக, வண்டிப் பழக்கம் அப்படியே காருக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்துப் பெரிய கார்களின் படங்களைப் பாருங்கள். டிரைவர் உட்காரும் இடத்துக்குக் கூரை இருக்காது, இருந்தாலும் பக்கவாட்டில் கண்ணாடி இருக்காது. மழை, வெயில், தூசி எல்லாம் அவருக்கு. அதனால் அவருக்குத் தோல் சீட். துடைத்தால் போயிற்று. பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற துரைக்கும் துரைசாணிக்கும்? கம்பளித் துணி, வெல்வெட், சரிகை வேலைப்பாடு. குளிர் நாட்டில் தோல் சில்லென்று இருக்கும், வழுக்கும், நெளிந்தால் சத்தம் போடும். இதையெல்லாம் பெரிய மனிதர்கள் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? தோல், உழைக்கிறவன் உட்காருகிற சாமான்.

இந்த வழக்கம் முழுக்க ஒழியவில்லை. ஜப்பான் சக்கரவர்த்திக்காக 2006-ல் செய்த டொயோட்டா செஞ்சுரி ராயலில், முன்னால் டிரைவர் சீட் தோல், பின்னால் சக்கரவர்த்தி அமரும் இருக்கை கம்பளித் துணி. பழைய மரியாதை அப்படியே இருக்கிறது.

நம்மூரிலும் ஒரு மாதிரி நடந்தது, கவனித்திருக்கிறீர்களா? கலெக்டர் அம்பாசடர். இங்கிருந்து ஹூக்ளிக் கரையோரமாகவே மேலே போனால் உத்தர்பாரா. 1957-லிருந்து 2014 மே வரை அங்கேதான் அம்பாசடர் தயாரானது. சீட் ரெக்ஸின். ஆனால் அதிகாரி உட்காரும் பின் சீட்டில் மட்டும் வெள்ளை டவல் விரித்திருக்கும். டிரைவர் வெறும் ரெக்ஸினில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருப்பார். எங்கள் வங்கியில் மண்டல மேலாளர் வண்டிக்கு வாரம் இரண்டு டவல் சலவைக்குப் போகும், அதற்குத் தனி வவுச்சர். நானே பாஸ் செய்திருக்கிறேன்.

அப்புறம் எப்படி இது தலைகீழானது? போலித்தோல் வந்ததால். போலி வந்த பிறகுதான் அசலுக்கு மவுசு.

துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைப் பூசி, உடையாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்து, உருளையில் அழுத்தித் தோல் மாதிரி வரிகள் போட்டால் போலித்தோல் தயார். நைட்ரோசெல்லுலோஸ் என்பது வெடிமருந்துச் சரக்கு. அமெரிக்காவில் வெடிமருந்து செய்த டூபான்ட் கம்பெனி 1910-ல் ஃபேப்ரிகாய்டு என்ற போலித்தோல் கம்பெனியை விலைக்கு வாங்கியதில் அதனால் ஆச்சரியமில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் செய்த சரக்கின் பெயர் ரெக்ஸின். ஒரு கம்பெனியின் வணிகப் பெயர், நம் நாட்டில் பொதுப்பெயரே ஆகிவிட்டது. இன்றைக்கு மல்லிக் பஜாரில் விற்பது பி.வி.சி. அல்லது பாலியூரிதேன், ஆனாலும் பெயர் ரெக்ஸின்தான்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி ஆரம்ப வருஷங்களில் தோல் சீட்டோடு வந்து, பிறகு படிப்படியாகப் போலித்தோலுக்கு மாறியது. கோடிக்கணக்கில் கார் செய்ய அத்தனை மாட்டுக்கு எங்கே போவது? இங்கிலாந்தில் சாதாரண மோரிஸ் மைனரில்கூட உட்காரும் பக்கம் மட்டும் தோல் வைத்த மாடல் ஐம்பதுகளில் கிடைத்தது. பிறகு வினைல் மலிந்தது, எல்லாச் சின்னக் கார்களிலும் புகுந்தது. மிச்சமிருந்த பெரிய கார்களில் மட்டும் தோல். டிரைவர் சாமான், முதலாளி சாமான் ஆகிவிட்டது.

அதன் உச்சம் அமெரிக்காவில் 1975-ல். கிரைஸ்லர் கம்பெனி கார்டோபா காருக்கு, நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பானை வைத்து டி.வி. விளம்பரம் எடுத்தது. சீட் 'கொரிந்தியன் லெதர்' என்று அவர் குழைந்து சொல்லுவார். கிரேக்க நாட்டு கொரிந்துக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. தோல் வந்தது நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து. பெயர், விளம்பர ஏஜென்சியின் கற்பனை. என் தரகரின் 'ஃபுல் லெதர்' அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஏனென்றால் என் காரில் உடம்பு படும் முன்பக்கம் மட்டும்தான் தோல். சீட்டின் முதுகுப்புறம், பக்கவாட்டு, தலைசாயும் இடத்தின் பின்பக்கம் எல்லாம் வினைல். சாமர்த்தியமாக நிறம் சேர்த்திருக்கிறார்கள்.

*

சரி, பெரியவர் சொன்ன பெயின்ட் எங்கிருந்து வந்தது?

பழைய முறை, தாவரப் பட்டையில் பதனிடுவது. எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய். வாரக்கணக்கில் குழியில் ஊறும். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயரே தோல்காரர்களின் செடி என்கிற அர்த்தத்தில்தான். சென்னை மாகாணத்துத் தோல் இந்த முறையில்தான் லண்டன் போய்க்கொண்டிருந்தது, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் ஆனது.

1884-ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பில் பதனிடும் முறைக்கு பேடன்ட் வாங்கினார். காரணம் வேடிக்கையானது. அந்தக் காலத்துப் பெண்களின் இறுக்கமான உள்சட்டைக்குள் எஃகுப் பட்டை வைப்பார்கள். அதன் மேல் சுற்றும் தோலிலிருந்து வியர்வைபட்டுத் துருக்கறை வராமல் இருக்க வழி தேடினார். 1893-ல் மார்ட்டின் டெனிஸ் அதை ஒரே தொட்டியில் செய்யும்படி எளிமையாக்கினார். வாரக்கணக்கு நாள் கணக்காயிற்று. தோல் மென்மையாக வந்தது, வெந்நீரைத் தாங்கியது. வெயிலில் நிற்கிற காருக்கு இதைவிடப் பொருத்தமானது ஏது?

சென்னையில் இதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். ஓவியப் பள்ளியில் 1903-ல் குரோம் பரிசோதனை ஆரம்பித்தார். காருக்காக அல்ல, கவலை இறைக்கும் தோல் சாலுக்காக! தண்ணீரிலேயே கிடக்கும் சால் பட்டைத் தோலில் செய்தால் சீக்கிரம் அழுகும், குரோம் தோல் தாங்கும். பிறகு பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் துரை குரோம் லெதர் கம்பெனி வைத்தார். அந்த ஊர்தான் குரோம்பேட்டை. மின்சார ரயிலில் எத்தனை முறை அந்தப் பெயரைக் கேட்டிருப்பேன், ஒரு நாளாவது யோசித்ததில்லை.

குரோமில் பதனிட்டு எடுத்தால் தோல் வெளிர்நீல நிறத்தில் வரும். அதற்கு என்ன நிறம் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் மாடு என்பது ஜீவன். முள் கிழித்திருக்கும், உண்ணி கடித்திருக்கும், சூடு போட்டிருப்பார்கள், நுகத்தடி காய்ப்பு இருக்கும். ஐரோப்பிய மாட்டின் ஒரு முழுத்தோல் சுமார் 50 சதுர அடி வரும். அதில் இதையெல்லாம் கழித்துவிட்டால் சீட் வெட்டத் தேறாது. அதனால் மேற்பரப்பை லேசாக ராவி, காயங்களை அடைத்து, நிறச் சாயத்தைச் சுவருக்குப் பூசுவதுபோலப் பூசி, தோல் மாதிரியே வரிகளை அச்சழுத்தி, அதன்மேல் நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சு. தோலின் மேல் தோலின் படத்தை வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு காலத்தில் இந்தப் பூச்சும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான், ரெக்ஸினின் சகோதரி. அதனால்தான் பழைய ஜாகுவார் சீட்டுகள் அழகாக வெடித்திருக்கும். ரோல்ஸ்ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் தோல் கொடுத்த கானலி கம்பெனி, 1878-ல் இரண்டு சகோதரர்கள் லண்டனில் ஆரம்பித்தது, வெடித்த சீட்டுக்குத் திரும்ப நிறமேற்றிக் கொடுப்பதையும் ஒரு தொழிலாகவே வைத்திருந்தது. 2002-ல் அதன் டேனரியை மூடிவிட்டார்கள். இப்போதைய கார்களில் பூச்சு பாலியூரிதேன். எண்ணெய், கிரீம் எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகாது. போகிற இடம் ஒன்றுதான், வெடிப்பு. அங்கே போனால் விளிம்பு நெகிழ்ந்து பூச்சு இன்னும் உரியும். அம்மாவிடம் இதை விளக்கவில்லை.

*

வேலை ஜனவரியில் தொடங்கினேன். மழைக்காலத்தில் செய்யக்கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். கொல்கத்தா மழையில் மூடிவைத்த காரில் தோல் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும், ஈரத்தின் மேல் நிறம் நிற்காது.

முதல் ஞாயிறு முழுக்கக் கழுவல். குழந்தைகளுக்குப் போடும் மென்மையான ஷாம்பூவை நுரைத்து, நுரையை மட்டும் எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டக்கூடாது. துணி காப்பி டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. பழுப்பு சீட் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் சந்தன நிறம்! மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதோடு நிறுத்திடுங்க, இதுவே போதும்" என்றாள். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயமும்கூட. சீட் பழசாகிவிட்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அழுக்கு.

என்னுடையதில் வெடிப்பு இருந்ததால் மேற்கொண்டு போனேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து என் தேங்காண்ணெய்ப் பாவத்தைப் போக்கினேன். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் மேலே எதுவும் ஒட்டாது. 600 நம்பர் உப்புத்தாளால் வெடிப்பின் தூக்கிய விளிம்புகளை மழித்தேன். முழுசாகப் பிளந்திருந்த ஒரு இடத்தில், கீழே துணித்துண்டைச் செருகி, நெகிழ்வான பசை வைத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து அழுத்தினேன். பிறகு தோலுக்கென்றே விற்கும் நிரப்புப் பசையைக் கத்தி முனையால் மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு உப்புத்தாள், மறுபடி ஒரு பூச்சு. நான்கு தடவை. அவசரப்பட்டு ஒரே தடவையில் தடியாக அப்பினால் உட்கார்ந்ததும் வெடிக்கும். அதையும் ஒரு மூலையில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நிறம்தான் பெரிய தலைவலி. சீட்டின் மடிப்புக்குள், வெயிலே படாத இடத்தைப் பார்த்துக் கலந்தால் மற்ற இடத்தோடு சேராது. மற்ற இடத்தைப் பார்த்துக் கலந்தால் காய்ந்ததும் ஒரு சாயல் கூடிவிடும். வெள்ளையில் துளி மஞ்சள், துளி பழுப்பு, ஊசிமுனையளவு கறுப்பு. ஐந்தாவது கலவைதான் ஒத்துவந்தது. ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, மகளின் ஹேர் டிரையரால் காயவைத்து, ஆறு பூச்சு. பிரஷ்ஷால் இழுத்தால் கோடு விழும். கடைசியில் கெட்டிப்படுத்தும் திரவம் சேர்த்த மேற்பூச்சு, பளபளப்பில்லாதது. பளபளத்தால் ரெக்ஸின் மாதிரி இருக்கும்!

நான்கு ஞாயிறு, மொத்தச் செலவு மூவாயிரத்து எண்ணூறு. தேய்மானம் கழித்துப் பார்த்தால் காரின் புத்தக மதிப்புக்கு இதெல்லாம் அதிகம் என்று உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை முனகினான்.

*

நிறக் கலவை பற்றிக் கேட்கப் பெரியவர் வீட்டுக்கு இரண்டு முறை போயிருந்தேன். டேங்ரா இன்றைக்குச் சீனச் சாப்பாட்டுக்குப் பெயர்போன இடம். சில்லி சிக்கன் தின்ன வருகிறவர்களுக்கு, அந்த ஏ.சி. ஹால்களில் பல ஒரு காலத்தில் டேனரிக் கொட்டகைகள் என்பது தெரியாது. பெரியவருடைய கொட்டகையும் அப்படித்தான், வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்கா குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே இருந்த இந்தச் சதுப்பில் வந்து உட்கார்ந்தன. மேல்சாதிக்காரர்கள் தொட மறுத்த தொழில், போட்டிக்கு ஆள் குறைவு. கொட்டகைக்குள் தோலை இழுத்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பீகாரிலிருந்து வந்த சமார்கள் நிறையப் பேர். 1919-ல் அரசாங்கமும் இங்கே ஒரு ஆராய்ச்சி டேனரி வைத்தது. அதை வளர்த்த பி.எம்.தாஸ்தான் பிறகு, 1948-ல் அடையாறில் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். 1962 சீனப் போரின்போது நாடு முழுக்கச் சுமார் 3,000 இந்தியச் சீனர்களைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் வைத்தார்கள். "உங்களையுமா அங்கிள்?" என்று கேட்டேன். "எங்களை இல்லை. அடுத்த தெருவில்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

1996 டிசம்பர் 19. எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், டேங்ரா, தில்ஜலா, தோப்சியா, பாக்லாடாங்கா ஆகிய இடங்களில் இருந்த சுமார் 550 டேனரிகளும் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்றது. மாற்று இடம் பான்தலா. அந்த வளாகம் 2005-ல்தான் திறந்தது. பெரியவர் போகவில்லை. "அறுபதை நெருங்கிவிட்டேன், பிள்ளைகள் டொரன்டோவில். கடன் வாங்கிப் புதுக் கொட்டகை போட்டு யாருக்கு?" அந்தக் கடனுக்கு எங்கள் வங்கியிலேயே திட்டம் இருந்தது. பழைய கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

அவர் தேதியைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அதே 1996, ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. இரண்டிலும் நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்துகிறவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் உறுதியானது அந்தத் தீர்ப்பால்தான். எங்கள் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். தீர்ப்பில் திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களின் கணக்கு ஒன்று வரும்: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

நான் அப்போது பிளஸ் டூ. எங்கள் வீட்டுக் கிணறு எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் அதில் சோறு வடித்தால் மஞ்சளாகும், துணி துவைத்தால் நுரை வராது. தீர்ப்பு வந்த அன்று அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு டேனரியில் கணக்கெழுதுகிறவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சம்பளம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மூடுனா நாம எங்க போறது, மூடலேன்னா தண்ணிக்கு எங்க போறது" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளும் சைக்கிளில் வேலைக்குப் போனார்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். இவருக்குக் கொட்டகை போனது, எங்களுக்குக் கிணறு. யார் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தீர்ப்புகள் சரிதான் என்று புத்தி சொல்கிறது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் ஆவாரம்பட்டைத் தோல் நல்ல வாசனையாக இருக்கும். மெட்ராஸிலிருந்து சாம்பிள் வரும்போது முகர்ந்து பார்ப்பேன்" என்றார். ரயிலில் மூக்கைப் பொத்திய ஊரின் சரக்கை ஒருவர் ஆசையாக முகர்ந்திருக்கிறார்!

பிப்ரவரி முதல் வாரம் வேலை முடிந்து காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினார். கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆயிற்று, எனக்கு உள்ளூரக் குஷி. நகத்தால் சுரண்டினார். செதில் வரவில்லை. "இரண்டு வருஷம் தாங்கும். அப்புறம் மறுபடி பூசுங்கள்" என்றார். பிறகு, பின் கதவைத் திறந்து நின்றேன் பாருங்கள், அதைக் கவனிக்காமல் சுற்றி வந்து டிரைவர் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம்.